படையை விட்டு வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு ராணுவ மெடல் கேட்டு வாங்குவது எப்படி? முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

1965, 1971 போர்க்காலங்களில் ராணுவத்தில் இருந்த தமிழ்நாட்டு வீரர்கள் பலரின் வீட்டில் அதற்கான மெடல் இன்றும் இல்லை. தகுதி இருந்தும் கைக்கு வந்து சேரவில்லை. காரணம் எளிமையானது. 1965 போருக்கான ரக்ஷா மெடலும் சமர் சேவா ஸ்டாரும் நிறுவப்பட்டதே 1967-ல்தான். 1971 போருக்கான பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் ஆகியவை வந்தது 1973-ல். அறிவிப்பு வந்த பிறகு யார் யாருக்கு உரியது என்று பட்டியல் எடுக்க வேண்டும், மெடலை அடிக்க வேண்டும், பெயர் பொறிக்க வேண்டும், யூனிட்டுக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் எத்தனையோ பேர் ஊருக்குத் திரும்பி விவசாயத்தையோ வாட்ச்மேன் வேலையையோ பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பணியில் நீடித்தவர்களிலும் பலர் ரிப்பனை மட்டும் சட்டையில் குத்திக்கொண்டு, மெடலைக் கன்டோன்மென்ட் கடையில் நகலாக வாங்கி அணிந்தே ஓய்வு பெற்றார்கள்.

அந்த மெடலை இப்போதும் கேட்கலாம். கேட்பது பிச்சையும் இல்லை, சலுகையும் இல்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். ராணுவம் மெடல் கொடுப்பது ஏதோ ஒரு பதிவேட்டில் உங்கள் எண்ணுக்கு எதிரே இருக்கும் ஒரு வரியைப் பார்த்துத்தான். எந்த மலையில் எத்தனை இரவு கிடந்தீர்கள் என்று நீங்கள் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த வரி கிடைக்காவிட்டால் எழுத்தர் கையொப்பம் போட மாட்டார். அதனால் மெடலைத் தேடுவதற்கு முன்பு அந்த வரியைத் தேடுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியதுதான்.

உரிமையாக வருவது, பரிந்துரையால் வருவது

பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா, அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா, சேனா மெடல் போன்றவை வீரதீர விருதுகள். கமாண்டிங் ஆபீசர் பரிந்துரை எழுதி, அது படிப்படியாக மேலே போய், குடியரசுத் தலைவர் ஒப்புதலுடன் அரசிதழில் வர வேண்டும். இவற்றை விண்ணப்பம் போட்டு வாங்க முடியாது.

மற்றொரு வகை, நீங்கள் பணியில் இருந்த காலத்துக்கும் இடத்துக்கும் உரிமையாக வருவது. போர் மெடல்கள், நீண்ட சேவை மெடல்கள், சுதந்திர ஆண்டு நினைவு மெடல்கள், மலைப்பகுதி, பனிப்பகுதி, வெளிநாட்டுப் பணி மெடல்கள் எல்லாம் இதில் அடங்கும். நிபந்தனை நிறைவேறியிருந்தால் கொடுத்தே ஆக வேண்டும், யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. நீங்கள் ஓய்வு பெற்று ஐம்பது ஆண்டு ஆனாலும் அந்த உரிமை போய்விடாது. ஒழுங்கு நடவடிக்கையால் வெளியேற்றப்பட்டவர்கள் விஷயம் வேறு, அங்கே மெடல் பறிபோகவும் வாய்ப்பு உண்டு.

இந்த இரண்டாம் வகையை நான் இன்னும் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். எந்த அலுவலகமும் இப்படிப் பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் இப்படிப் பார்த்தால் பாதி வேலை குறைந்துவிடும்.

தேதி மெடல்கள்: குறிப்பிட்ட நாளிலோ காலத்திலோ நீங்கள் படையில் இருந்தாலே போதும். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு 25-ஆம் சுதந்திர ஆண்டு மெடல். 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவர்களுக்கு 50-ஆம் ஆண்டு மெடல். 9 ஆண்டு, 20 ஆண்டு, 30 ஆண்டு நீண்ட சேவை மெடல்கள். ரக்ஷா மெடலும் இந்த வகைதான்: 1965 ஆகஸ்ட் 5 அன்று பணியில் இருந்து 180 நாள் சேவை முடித்திருந்தால் போதும். போர்முனைக்கே போகாமல் பெங்களூரிலோ ஜபல்பூரிலோ டிப்போவில் வேலை பார்த்தவருக்கும் அது உண்டு. "நான் சண்டைக்குப் போகலையே, எனக்கு எதுக்கு மெடல்?" என்று கேட்கும் பெரியவர்கள் நிறையப் பேர். ஐயா, அது உங்களுக்கு உரியதுதான், கேளுங்கள்.

இட மெடல்கள்: குறிப்பிட்ட பகுதியில் நீங்கள் இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். 1965-ல் போர்ப் பகுதியில் இருந்தவர்களுக்குச் சமர் சேவா ஸ்டார். 1971-ல் கிழக்கே வங்கதேசப் பக்கம் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்குப் பக்கம் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். இமயமலைப் பகுதி, ஜம்மு காஷ்மீர் போன்ற இடங்களுக்குச் சைன்ய சேவா மெடல், அதில் பகுதியின் பெயர் பொறித்த கிளாஸ்ப், அதாவது ரிப்பனில் மாட்டும் சிறு உலோகப் பட்டை, இருக்கும். சியாச்சின் மெடல், உயர்மலைப் பணிக்கான ஹை ஆல்டிடியூட் மெடல், கார்கிலுக்கான ஆபரேஷன் விஜய் ஸ்டார், வெளிநாட்டுப் பணிக்கான விதேஷ் சேவா மெடல் எல்லாம் இந்த வகை. 1987 முதல் 1990 வரை அமைதிப் படையில் இலங்கையில் இருந்தவர்கள் ஸ்பெஷல் சர்வீஸ் மெடலில் இலங்கை கிளாஸ்ப் தங்களுக்குப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

1962 சீனப் போரில் இருந்தவர்கள் "எங்க போருக்கு மெடலே இல்லை" என்று வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். தனி மெடல் இல்லைதான். ஆனால் ஜெனரல் சர்வீஸ் மெடல் 1947-க்கு 'லடாக் 1962', 'நேஃபா 1962' என்று கிளாஸ்ப் உண்டு. அந்த வீரர்கள் மிகச் சிலரே இன்று இருக்கிறார்கள் என்பதால் பிள்ளைகள்தான் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது ஒரு தாளை எடுத்து, உங்கள் சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, இருந்த யூனிட்கள், இடங்கள் நான்கையும் எழுதி, எது தேதி மெடல், எது இட மெடல் என்று பட்டியல் போடுங்கள். தேதி மெடல்களை முதலில் கேளுங்கள். அவை ஏறக்குறைய வாதமின்றிக் கிடைக்கும்.

டிஸ்சார்ஜ் புக்கைத் திறந்து பாருங்கள்

பெட்டியின் அடியில் கிடக்கும் டிஸ்சார்ஜ் புக்தான் முதல் சான்று. பலர் அதை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் காட்டியதோடு மூடி வைத்துவிட்டார்கள். அதில் மெடல்கள், விருதுகள் என்று ஒரு பகுதி இருக்கும். எழுத்தர் மசி கலங்கிய கையெழுத்தில் சுருக்கமாக எழுதியிருப்பார். அங்கே ஒரு மெடலின் பெயர் இருந்து, உங்கள் கைக்கு மெடல் வரவில்லை என்றால் வேலை பாதி முடிந்தது. தகுதியை அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இனி கேட்க வேண்டியது பொருளை மட்டும்தான். அந்தப் பகுதி காலியாக இருந்தால் தகுதியையும் சேர்த்து நிறுவ வேண்டும்.

புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, அட்டை உள்பட எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். லேமினேட் செய்ய வேண்டாம். பழைய தாள் அதில் வெந்து கருத்துப்போகும். மூலப் புத்தகத்தை எந்த அலுவலகத்துக்கும் தபாலில் அனுப்பவே கூடாது.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நாம் இனிஷியல் வைத்து எழுதுவோம். படையில் சேரும்போது வடநாட்டு எழுத்தர் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார், அல்லது ஒரு எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ போட்டிருப்பார். அதே ஆள் ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு பெயர். மெடல் கேட்கும் கடிதத்தில் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள எழுத்துகளையே அப்படியே எழுதுங்கள். தவறாகவே இருந்தாலும் அதுதான் அவர்கள் பதிவேட்டில் உள்ள நீங்கள். ஆதாருடன் வேறுபாடு இருந்தால் இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து இணைத்தால் போதும். மெடலோடு சேர்த்துப் பெயர்த் திருத்தத்தையும் கேட்டால் இரண்டும் தள்ளிப்போகும். அதைத் தனியாகச் செய்யுங்கள்.

பெயரைவிட முக்கியமானது படை எண். எண் ஒரு இலக்கம் மாறினால் கடிதம் வேறு யாரோ ஒருவரின் கோப்பில் போய்ச் சேரும்.

எந்த அலுவலகத்துக்கு எழுதுவது?

வங்கிக்கும் மெடலுக்கும் சம்பந்தமில்லை. ஸ்பர்ஷ் சேவை மையத்துக்கும் சம்பந்தமில்லை, அது பென்ஷனுக்கு. சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை எல்லோருடைய பணி ஆவணங்களும் அவரவர் ரெஜிமென்ட் அல்லது கோரின் ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூர். பீரங்கிப் படை நாசிக். சிக்னல்ஸ் ஜபல்பூர். வாகனங்களையும் ஆயுதங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவு செகந்திராபாத். ராணுவ மருத்துவப் பிரிவு லக்னோ. ராணுவ இடங்களைக் காவல் காக்கும் டி.எஸ்.சி. (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) என்றால் கேரளத்தின் கண்ணூர். விமானப் படையில் ஏர்மேனாக இருந்தவர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ஏர் ஃபோர்ஸ் ரெக்கார்ட் ஆபீஸ். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்த். ராணுவ அதிகாரிகளாக இருந்தவர்களின் கோப்பு டெல்லி ராணுவத் தலைமையகத்தில் இருக்கும்.

பலர் முதலில் ரெஜிமென்டில் இருந்துவிட்டு அப்புறம் டி.எஸ்.சி.யில் சேர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு எண், இரண்டு பணிக்காலம். எந்த மெடல் எந்தப் பணிக்காலத்தைச் சேர்ந்தது என்று கடிதத்தில் தெளிவாகப் பிரித்து, இரண்டு எண்களையும் எழுதுங்கள்.

நேரில் போகும் வசதி வெலிங்டன், பெங்களூர்க்காரர்களுக்கு உண்டு. ஆனால் எழுத்து மூலம் கொடுத்து ரசீது வாங்காமல் திரும்பினால் போனதற்கு அடையாளமே இருக்காது. மற்றவர்களுக்கு நல்ல வழி இரண்டு. ஒன்று, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் அனுப்புவது. அந்த அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு போகும் விண்ணப்பத்துக்குத் தனி மதிப்பு உண்டு, பதில் வராவிட்டால் நினைவூட்டுவதும் அவர்கள் பொறுப்பாகிறது. மற்றொன்று, முன்னாள் படைவீரர்களுக்கு ராணுவம் அவ்வப்போது நடத்தும் பேரணிகள். அங்கே பல ரெக்கார்ட் ஆபீஸ்களின் மேசைகள் வரிசையாக இருக்கும். பொதுவாக எல்லோரும் மருத்துவ முகாமுக்கும் கேன்டீனுக்கும் போய்விடுகிறார்கள். நீங்கள் டிஸ்சார்ஜ் புக் நகலோடு ரெக்கார்ட் ஆபீஸ் மேசைக்குப் போங்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம், அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் போடுவார்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுவது ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. தமிழில் எழுதிக்கொண்டு போனால் மாவட்ட நல அலுவலகத்தில் மாற்றித் தர உதவுவார்கள். கடிதம் ஒரே பக்கம். வாழ்க்கை வரலாறு வேண்டாம். இந்த அளவில் இருந்தால் போதும்:

"பெறுநர்: பொறுப்பு அதிகாரி, ரெக்கார்ட்ஸ். பொருள்: வழங்கப்படாத மெடல்களை வழங்கக் கோருதல். நான் இன்ன எண், இன்ன ரேங்க், இன்ன பெயர். இன்ன தேதியில் சேர்ந்து இன்ன தேதியில் விடுவிக்கப்பட்டேன். 1971 டிசம்பரில் இன்ன யூனிட்டில், இன்ன கம்பெனியில், இன்ன பகுதியில் பணியில் இருந்தேன். கீழ்க்கண்ட மெடல்களுக்கு நான் தகுதியுடையவன், ஆனால் இன்றுவரை அவை எனக்கு வழங்கப்படவில்லை: ஒன்று, இரண்டு, மூன்று. எனது தகுதியைச் சரிபார்த்து மெடல்களை வழங்கவும், எனக்கு உரிய எல்லா மெடல்களின் பட்டியலையும் எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் மூன்று மெடல் கேட்டு, உங்களுக்கு ஐந்து உரியதாக இருந்தால், அந்த ஒரு வரிதான் மற்ற இரண்டையும் வெளியே கொண்டுவரும். இணைப்பாக டிஸ்சார்ஜ் புக் நகல், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) நகல், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை நகல், ஆதார் நகல். பின்கோடுடன் முழு முகவரி, கைப்பேசி எண். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைக் கடித நகலோடு குத்தி வையுங்கள். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. "மெடல் வாங்கித் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்று யாராவது வந்தால் அவரிடம் டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டக்கூட வேண்டாம்.

வரும் பதில்களும் அவற்றின் பொருளும்

"தகுதி உண்டு, கையிருப்பு இல்லை" என்பது அடிக்கடி வரும் பதில். மனம் சோர வேண்டாம், இது வெற்றிதான். தகுதி எழுத்தில் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, இருப்பு வந்ததும் அனுப்பும்படி பெயரைப் பதிவு செய்யச் சொல்லி ஒரு பதில் எழுதுங்கள். அதுவரை ரிப்பனையும் கடை நகலையும் அணிவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பணியில் இருப்பவர்களே அப்படித்தான் அணிகிறார்கள்.

"ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது" என்று வந்தால், எந்தத் தேதியில், எந்த யூனிட் மூலம், யார் கையொப்பத்தில் என்று கேளுங்கள். பல நேரங்களில் மெடல் யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், ஆள் அதற்கு முன்பே கிளம்பியிருப்பார். பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் அவர்களிடம் இல்லையென்றால் உங்கள் கோரிக்கை நிற்கும்.

"பதிவுகளில் ஆதாரம் இல்லை" என்று வந்தால் அது இட மெடலாகத்தான் இருக்கும். இங்கேதான் உழைப்பு தேவைப்படும். ராணுவத்தில் ஒருவரின் மாற்றல், விடுப்பு, மருத்துவமனைச் சேர்க்கை, பதவி உயர்வு எல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்ற தினசரி ஆணையில் வெளியாகி, அதிலிருந்து ஷீட் ரோல் என்ற அவருடைய பணிப் பதிவேட்டில் ஏறும். நீங்கள் போர்ப் பகுதிக்குப் போன பதிவு அங்கே விடுபட்டிருக்கலாம். அதை இரண்டு துண்டாக நிரூபிக்கலாம். முதலாவது, அந்தக் காலத்தில் நீங்கள் அந்த யூனிட்டின் ஆள் கணக்கில் இருந்தீர்கள் என்பது. இரண்டாவது, அந்த யூனிட் அந்தக் காலத்தில் அந்தப் பகுதியில் இருந்தது என்பது. இரண்டாவது துண்டை நிரூபிப்பது சுலபம். எந்த யூனிட் எங்கே போரிட்டது என்பது ராணுவ வரலாற்றிலும் ரெஜிமென்ட் வரலாற்றிலும் அச்சில் இருக்கிறது. முதல் துண்டுக்குப் பழைய பே புக், மூவ்மென்ட் ஆர்டர், மருத்துவமனைச் சீட்டு, அந்தக் காலத்துக் கடித உறை மீதிருக்கும் கள அஞ்சல் முத்திரை என எதுவும் உதவும். வீட்டுக்கு வந்த இன்லேண்ட் லெட்டர்களை அம்மா கட்டி வைத்திருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். அதே யூனிட்டில் இருந்து அதே மெடல் பெற்ற தோழர் ஒருவர் தம் எண், ரேங்க், தம் மெடல் விவரத்துடன் எழுதித் தரும் உறுதிமொழியும் துணைச் சான்றாகும். தனியாக அது போதாது, மற்றவற்றோடு சேரும்போது பலம்.

அடுத்தது மிகக் கசப்பான பதில்: "ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன." பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள் மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்பது ராணுவ விதி. 1987-ஆம் ஆண்டு ராணுவ ஒழுங்குமுறைகளின் 595-ஆவது பத்தியைக் காட்டி இந்தப் பதில் வரும். நாட்டுக்காக நின்ற மனிதர் ஒருவரின் முழுப் பணிக்காலமும் இப்படித் தாள் கழிவாகப் போவது எனக்கு இன்றும் ஏற்க முடியாத விஷயம். ஆனாலும் இங்கே கதை முடிவதில்லை. லாங் ரோல் என்ற பதிவேடு அழிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு வீரருக்கும் அதில் சில வரிகள் இருக்கும்: எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம். தேதி மெடல்களுக்கு வேறென்ன வேண்டும்? "எனது ஷீட் ரோல் அழிக்கப்பட்டிருந்தாலும் லாங் ரோல் பதிவின்படி இன்ன தேதியில் நான் பணியில் இருந்தது உறுதியாகிறது, அதன் அடிப்படையில் ரக்ஷா மெடலும் 25-ஆம் சுதந்திர ஆண்டு மெடலும் வழங்கவும்" என்று திரும்ப எழுதுங்கள். மெடல்களைத் தேதி, இடம் என்று நான் பிரித்ததே இந்த ஒரு கட்டத்துக்காகத்தான்.

25 ஆண்டு இன்னும் முடியாதவர்கள், குறிப்பாகப் பென்ஷனுக்குத் தேவையான ஆண்டுகள் நிறைவடையாமல் வந்தவர்கள், இதை இந்த மாதமே செய்யுங்கள். மெடல் அப்புறம் வரட்டும், முதலில் ஆவண நகல்களை எடுத்து வீட்டில் வையுங்கள்.

ஆர்டிஐ எப்போது, எப்படி?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் மெடல் வாங்கித் தராது. அந்த வரியைக் கண்டெடுத்துத் தரும். கட்டணம் 10 ரூபாய், மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்திலேயே கட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பினாலும் அவர்களே ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "எனக்கு ஏன் மெடல் தரவில்லை?" என்று கேட்டால், அது தகவல் கோரிக்கை ஆகாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தாளைக் கேளுங்கள்:

எனது ஷீட் ரோலின் எல்லாப் பக்கங்களின் நகல். எனது லாங் ரோல் பதிவின் நகல். எனக்கு உரியவை என்று பதிவாகியுள்ள மெடல்களின் பட்டியல், ஒவ்வொன்றையும் வெளியிட்ட பார்ட் டூ ஆர்டரின் எண்ணும் தேதியும். மெடல்கள் அனுப்பப்பட்ட தேதியும் பெற்றுக்கொண்ட ஒப்புகையின் நகலும். ஆவணங்கள் அழிக்கப்பட்டிருந்தால் அதற்கான ஆணையின் நகல்.

பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. முதல் மேல்முறையீட்டை யாரும் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. முதல் பதிலை எழுதியவருக்கு மேலே உள்ள அதிகாரி கோப்பைத் திறந்து பார்ப்பது அப்போதுதான்.

காயம்பட்டவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்

பராக்ரம் பதக், அதாவது காயமடைந்தோர் மெடல், 1973-ல் வந்தது. ஆனால் 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்தவற்றுக்கும் பொருந்தும். எதிரியின் நேரடி நடவடிக்கையில் காயம்பட்டவர்களுக்கு உரியது. 1962-லும் 1965-லும் குண்டுச் சிதறலோடு ஊர் திரும்பியவர்களில் இப்படி ஒரு மெடல் இருப்பதே தெரியாதவர்கள் உண்டு, ஏனென்றால் அவர்கள் படையில் இருந்தபோது அது கிடையாது.

இங்கே தேட வேண்டிய சொல் 'பேட்டில் கேஷுவாலிட்டி'. உங்கள் காயம் பார்ட் டூ ஆர்டரில் அப்படி வெளியாகியிருக்கிறதா, அல்லது விபத்து போல 'ஃபிசிக்கல் கேஷுவாலிட்டி' என்று வெளியாகியிருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவ வாரியத்தின் பழைய தாள்களில் காயத்தின் காரணம் எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு சொல் மெடலோடு நிற்பதில்லை. போர்க் காயத்துக்கான பென்ஷன், சாதாரண ஊனமுற்றோர் பென்ஷனைவிடக் கூடுதல். மெடலைத் தேடப் போய்ப் பல ஆண்டுகளாகக் குறைவாக வந்துகொண்டிருந்த பென்ஷன் தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் அதைத் தனி மனுவாக, தனிக் கோப்பாக நடத்துங்கள்.

வீரதீர விருது பற்றி ஒளிவுமறைவில்லாமல்

"சி.ஓ. சாப் என் பெயரை எழுதி அனுப்பினார், வரவில்லை" என்று சொல்லும் வீரர்களின் மனவலி பெரிது. அதைக் கேலி செய்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் பல ஆண்டு கழித்து ஒரு வீரதீர விருதைப் புதிதாகப் பெறுவது அநேகமாக நடக்காத காரியம் என்று சொல்வதுதான் நேர்மை. செய்யக்கூடியவை சில உண்டு. விருது உண்மையில் வந்து, தெரியாமலே போயிருக்கலாம். பாதுகாப்பு அமைச்சகத்தின் வீரதீர விருதுகள் இணையதளத்தில் விருதாளர் பட்டியல் இருக்கிறது, அதில் பெயரையும் எண்ணையும் தேடிப் பாருங்கள். 'மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ்', அதாவது போர் அறிக்கையில் பெயர் சொல்லிப் பாராட்டு, பெற்றவர்களுக்குத் தனி மெடல் கிடையாது என்பதால் அது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. அரசிதழில் அதுவும் வந்திருக்கும்.

விருது பெற்றவர்கள் மாதப்படி ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். 2017 ஆகஸ்ட் முதல் பரம் வீர் சக்ராவுக்கு மாதம் 20,000 ரூபாய், அசோக் சக்ராவுக்கு 12,000, மகா வீர் சக்ராவுக்கு 10,000, கீர்த்தி சக்ராவுக்கு 9,000, வீர் சக்ராவுக்கு 7,000, சௌர்ய சக்ராவுக்கு 6,000, வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2,000 என்று உயர்த்தப்பட்டது. சிறப்புப் பணிக்கான சேனா மெடலுக்கு இது பொருந்தாது. உரிமையாக வரும் மற்ற மெடல்களுக்குப் பணம் எதுவும் இல்லை. அந்தக் கணக்கோடு யாரும் கேட்பதும் இல்லை.

வீரர் காலமாகிவிட்டால்

மனைவியோ பிள்ளைகளோ கேட்கலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப பென்ஷன் பி.பி.ஓ. ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். அம்மா உயிரோடு இருந்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பியுங்கள், ரெக்கார்ட் ஆபீஸ் ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கும் பெயர் அவருடையதுதான். ஆர்டிஐ போடும்போதும் உறவுக்கான சான்றை இணையுங்கள், இல்லையென்றால் மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். படை எண்ணே தெரியாத குடும்பங்கள் பழைய மணியார்டர் துண்டுகள், பென்ஷன் புத்தகம், மாவட்ட நல அலுவலகத்தின் பதிவு ஆகியவற்றில் தேடலாம். எண் கிடைக்காமல் எந்தக் கடிதமும் எழுத வேண்டாம்.

எல்லாம் செய்தும் மறுத்தால்

முதலில் மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்தில் முன்னாள் படைவீரர் நலத் துறையின் பெயரில் புகார் பதியுங்கள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் ஆயுதப் படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது, சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. இறுதி மறுப்பு ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கோரும் மனுவும் சேர்க்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே ஆஜராகவும் சட்டம் இடம் தருகிறது. தேதி மெடல் ஒன்றை, லாங் ரோல் சான்று இருந்தும் மறுத்திருந்தால் போங்கள். இட மெடலுக்கு உங்கள் கையில் ஒரு தாள்கூட இல்லையென்றால் அலைச்சலை யோசித்துக்கொள்ளுங்கள். எண்பது வயதுக்காரரை வெறும் நினைவை நம்பி நீதிமன்றப் படியேற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மெடல் வந்ததும்

பார்சலைப் பிரித்ததும் விளிம்பைப் பாருங்கள். முறையாக வழங்கப்படும் மெடலின் விளிம்பில் வழக்கமாக எண், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும். கடை நகலில் அந்த இடம் வழவழவென்று இருக்கும். பெயரோ எண்ணோ தவறாக இருந்தால் உடனே எழுதித் திருத்தம் கேளுங்கள். பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், பொறித்த எழுத்து மழுங்கிவிடும். மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

மெடலோடு வந்த கடிதத்தை டிஸ்சார்ஜ் புக்கோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் மெடல் தொலைந்துபோனால், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைத்து மாற்று மெடல் கேட்கலாம். அப்போது அதற்கு விலை கட்ட வேண்டியிருக்கும். அந்தக் கடிதமும், விளிம்பில் இருந்த எழுத்துகள் தெரியும்படி எடுத்த ஒரு படமும் கையில் இருந்தால் அந்த விண்ணப்பத்துக்கு வேறு சான்று தேட வேண்டியிருக்காது.